வலிக்குக் காத்திருக்காமல் மலை இறங்குங்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் மலையாளி என்ற பழங்குடி இனத்தவர். என் அண்ணிக்கு இப்போது 28 வாரம். நவம்பர் 20-ந்தேதி பிரசவ நாள் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் 8.2 தான் இருக்கிறதாம். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டார். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. இதுவும் வீட்டிலேயே ஆகட்டும் என்கிறார் அம்மா. எங்கள் ஊரில் இருந்து தார் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் இன்னும் வரவில்லை. போன மழையில் பக்கத்து ஊர்ப் பையனைப் பாம்பு கடித்து, மந்திரித்துப் பார்த்துவிட்டுக் கீழே கொண்டுபோனதில் பிழைத்ததே பெரிது என்றாகிவிட்டது. அடிவாரத்து இருளர்களுக்குப் பழங்குடிகளுக்கான ஜன்மன் திட்டம் வந்திருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள். – ஒரு வாசகி, ஒடுகத்தூர் வழி.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஐந்தாறு விஷயங்களை ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் அவசரமானது அண்ணியின் 8.2. திட்டங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் தார் ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிடுகின்றன. மீதி இரண்டு கிலோமீட்டரை நாம்தான் கணக்குப் போட்டுக் கடக்க வேண்டும். நவம்பர் 20-ல் தொடங்கி, பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவோம்.

முதலில் ரத்தம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. 8.2 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சாதாரண சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 11 உள்ள பெண்ணின் உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். 8 உள்ளவருக்கு அதே அரை லிட்டர் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். கொஞ்சம் கூடுதலாகப் போனால் உயிருக்கே ஆபத்து. மலைமேல் வீட்டில் பிரசவம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்த எண்தான். உங்கள் அம்மாவின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எவ்வளவு தேர்ந்த கையானாலும் போன ரத்தத்தைத் திரும்ப ஏற்ற முடியாது.

இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்குச் சுமார் 1 கிராம் ஏறும். இன்னும் 12 வாரம் இருக்கிறது. இன்றைக்கே தொடங்கினால் பிரசவ நேரத்தில் 11-ஐத் தொடலாம். இன்னும் ஒரு மாதம் போய்விட்டால் முடியாது. சோகை இல்லாத கர்ப்பிணிக்கு நாளுக்கு ஒரு மாத்திரை, 180 நாளுக்கு. அண்ணிக்கு இருப்பது போன்ற சோகைக்கு நாளுக்கு இரண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் 8.2 என்ற எண்ணைச் சொல்லி, இரண்டு மாத்திரை என்று தாய்–சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். குடற்புழு மாத்திரை ஒன்றே ஒன்று, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், நான்காம் மாதத்துக்குமேல் கொடுப்பார்கள். அது கொடுத்தாயிற்றா என்றும் அட்டையில் பாருங்கள். கொல்லையில் செருப்பில்லாமல் நடக்கிற ஊர்களில் கொக்கிப்புழு இருந்தால், எவ்வளவு மாத்திரை போட்டாலும் ரத்தம் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர்தான்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் வேண்டாம். ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இன்னொன்று இரவு படுக்கப்போகும் முன்பு. மலம் கறுப்பாகப் போவது மாத்திரை வேலை செய்கிற போது வழக்கமாக வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. பலர் தெரியாமல் செய்கிற தவறு, மாத்திரையை டீயோடு விழுங்குவது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. டீ, காபி, பால் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னே பின்னே இருக்கட்டும். கால்சியம் மாத்திரையும் கூடவே கொடுத்திருப்பார்கள். அதையும் இதையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலையில் நெல்லிக்குப் பஞ்சமில்லை. ‘நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கீரை, முட்டை என்று வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகவே அண்ணி சாப்பிட வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி ரத்தம் பாருங்கள். 9-ஐத் தாண்டியிருந்தால் அதே வழியில் தொடரலாம். ஏறவே இல்லை, மாத்திரையும் ஒழுங்காகத்தான் போட்டார் என்றால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றுவது. பெரும்பாலும் முழு அளவையும் ஒரே நாளில் ஏற்ற மாட்டார்கள், சில நாள் இடைவெளி விட்டுப் பல தடவை ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் மலை இறங்கி ஏறுவதைவிட, அந்த நாட்களில் ஒடுகத்தூர் பக்கம் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது. இரண்டாவது, பரம்பரையாக வரும் ரத்த நோய்களான அரிவாள் செல் சோகையோ தலசீமியாவோ இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. இரும்பு கொடுத்தும் ஏறாத சோகைக்குப் பின்னால் இவை ஒளிந்திருப்பது உண்டு. தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1-ல் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். அண்ணியிடம் அந்தக் கூறு இருப்பதாக வந்தால் உங்கள் அண்ணனுக்கும் பார்க்க வேண்டும். இருவரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு நோயாக வரும். ஒருவரிடம் மட்டும் என்றால் பயமில்லை.

ஒவ்வொரு மாதமும் 9-ந்தேதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கும், மருத்துவரே பார்ப்பார். செப்டம்பர் 9, அக்டோபர் 9 இரண்டையும் சுவரில் குறித்து வையுங்கள். ரத்த அழுத்தம் 140/90 வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, ரத்தமோ நீரோ போனாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ எந்தத் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே இறங்குங்கள்.

இனி நவம்பருக்கு வருவோம். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. அண்ணியின் நாள் அதன் நட்டநடுவில் விழுகிறது. ஈரப் பாறைமேல், இரவில், வலியில் துடிக்கிற பெண்ணை டோலியில் தூக்கிவருவதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறோம். ஆகவே நவம்பர் 5-ந்தேதி, வலி வருவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் அவர் சொந்தக் காலால் நடந்து இறங்கட்டும். பிரசவத்துக்கு முன் கர்ப்பிணிகள் வந்து தங்குவதற்கென்றே மலைப் பகுதி அரசு சுகாதார நிலையங்கள் சிலவற்றில் அறை வைத்திருக்கிறார்கள். கூட ஒருவர் தங்கலாம், சாப்பாடும் உண்டு. உங்களுக்கு அருகில் எங்கே இருக்கிறது, இடம் இருக்கிறதா என்று அக்டோபர் 9 முகாமிலேயே கேட்டுப் பெயர் கொடுத்து வையுங்கள். அது இல்லையென்றால் அடிவாரத்து உறவினர் வீடு. அதுவும் இல்லையென்றால், ‘ரத்தசோகை, முந்தைய பிரசவம் வீட்டில், சாலை இல்லாத ஊர்’ என்ற மூன்றையும் அட்டையில் சிக்கல் உள்ள கர்ப்பம் என்ற இடத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்தால் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும்.

எங்கே பிரசவம் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். 9-க்குக் கீழே ரத்தம் உள்ளவருக்கு, ரத்தம் ஏற்றவும் அறுவை சிகிச்சை செய்யவும் வசதி உள்ள இடம்தான் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் போதாது. வேலூர் மாவட்டத்தில் கடைசி அரண் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிரசவம் பார்க்க, சிசேரியன் செய்ய, ரத்தம் ஏற்ற, மருந்துக்கு, படுக்கைக்கு, சாப்பாட்டுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 2011-ல் இருந்து தாய்க்கும் சேய்க்கும் இது நாடு முழுவதும் உள்ள உரிமை. ஊருக்குத் திரும்ப 102 ஊர்தியும் இலவசம். இதற்குச் சாதிச் சான்றோ வருமானச் சான்றோ காப்பீட்டு அட்டையோ தேவையில்லை. சான்று இல்லையே என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிற குடும்பங்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மாவட்ட எல்லையும் தடையில்லை. பழைய வடஆற்காடு 1989-ல் பிரிந்து, வேலூர் 2019-ல் மறுபடி பிரிந்ததில் ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்றாகக் கிடக்கிறது. உங்களுக்கு ஜமுனாமரத்தூர் பக்கம்தான் கிட்டம் என்றால் அங்கேயும் பார்ப்பார்கள்.

உங்கள் அம்மா சம்மதிக்க ஒரு வழி: தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம். அந்தத் துணை அவராகவே இருக்கட்டும். ‘உங்களிடமிருந்து பிரசவத்தைப் பிடுங்குகிறோம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம் ‘நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் அண்ணிக்குத் தைரியம்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான்.

நாள் தவறி மலைமேலேயே வலி வந்துவிட்டால் 108. செல்போன் எடுக்கிற பாறை எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து பேசப்போகிறவர் யார் என்பதைத்தான் முன்பே முடிவு செய்திருக்க மாட்டீர்கள். பேசுகிறவர் ஊராட்சி, சிற்றூர், வண்டி வந்து நிற்கவேண்டிய தார் ரோட்டு முனையின் அடையாளம், திருப்பி அழைக்க அடிவாரத்தில் சிக்னல் உள்ள ஒருவரின் எண் என்று நான்கையும் சொல்ல வேண்டும். திருப்பி அழைக்கும்போது ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வந்தால் வண்டி வழி தெரியாமல் நின்றுவிடும். டோலிக்கு நான்கு பேர் போதாது. இரண்டு கிலோமீட்டர் இறக்கத்துக்கு மாற்றிப் பிடிக்க எட்டுப் பேராவது வேண்டும். ஊர்க் கவுண்டரிடம் சொல்லிப் பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள்.

பிறந்தபின் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருக்கவேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, கூடவே பி.சி.ஜி., போலியோ சொட்டு. சர்க்கரைத் தண்ணீர், சேனை எதுவும் வேண்டாம். தொப்புள்மேல் சாம்பலும் வேண்டாம். ஊர் திரும்பியபின் ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கு வந்து எடை பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் ஆஷா இருப்பதே பெரும்பாலும் மலை ஊர்களில்தான். வராவிட்டால் கேளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு, தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். கர்ப்பம் தாமதமாகப் பதிவாகி இருப்பது ஒன்று. 12 வாரத்துக்குள் பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வாங்க வேண்டும். கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய் ஐந்தாம் மாதம் திரும்புகிறவர்கள் இதில்தான் இழக்கிறார்கள். கணக்கு அண்ணி பெயரில் இல்லாமல் அண்ணன் பெயரில் கொடுத்திருப்பது அடுத்தது. மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். நூறு நாள் வேலைக்குத் திறந்த கணக்கு ஒன்று, தபால் ஆபீஸில் திறந்தது ஒன்று என்று இரண்டு இருக்கும். ஆதார் வழியாக அனுப்புகிற பணம், ஆதார் கடைசியாக எதோடு இணைந்திருக்கிறதோ அதில்தான் விழும். நீங்கள் ஒரு புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பணம் இன்னொன்றில் கிடக்கும். எனவே இரண்டு புத்தகத்திலும் பதிவு போடுங்கள். ஆதாரில் தகப்பனார் முதலெழுத்தும் வங்கியில் கணவர் முதலெழுத்தும் இருந்தால் அதையும் ஒன்றாக்குங்கள். பிறகு பிக்மி எண், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றின் நகலோடு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எந்தத் தவணை எந்த நிலையில் நிற்கிறது என்று கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டிவரும். பணம் கிடைக்காது என்று தெரிந்தாலும் அந்த எண்ணை வாங்காமல் விடாதீர்கள்.

பாம்புக்கடியைப் பற்றி. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமல் சொக்குவது என்று தொடங்கி மூச்சில் போய் முடியும். வலி இல்லையே, விஷமில்லாத பாம்பு என்று மந்திரிப்பவர் நம்புவதும், ‘என் கையால் இறங்கியது’ என்று ஊர் நம்புவதும் இதனால்தான். கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கட்டு இறுகினால் கால் அழுகும். உடைந்த காலுக்குக் கட்டுவதுபோல் மூங்கில் பட்டை இரண்டு வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் தூக்கிவர வேண்டும். 108 வரத் தாமதமானால் இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவரலாம். நடக்க விடக்கூடாது.

ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது. இமை சொக்கினால் இந்தச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முறிமருந்து தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி. சிறு பிள்ளைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மலை ஏறும் வழியிலுள்ள சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருப்பில் இருக்கிறது, இரவில் போட யார் இருப்பார்கள் என்று மழைக்கு முன்பே போய்க் கேட்டுவையுங்கள். 2024 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஒவ்வொரு கடியும் பதிவானால்தான் உங்கள் பகுதிக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பது மேலே தெரியும். பக்கத்து ஊர்ப் பையனின் கணக்கு அதில் ஏறியதா என்றும் கேளுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுக்கிற விஷத்தில் இருந்துதான் இந்த முறிமருந்து தயாராகிறது. பழங்குடிகளின் கைவேலை பழங்குடிப் பிள்ளைக்கே கிடைக்காமல் போகக்கூடாது.

ஜன்மன் திட்டத்தில் உங்களை யாரும் விட்டுவிடவில்லை. 2023 நவம்பர் 15-ல் தொடங்கிய அது, மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று வகைப்படுத்தப்பட்ட 75 குழுக்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு. மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர்தான், ஆனால் இந்த ஆறில் இல்லை. பழங்குடியினர் பட்டியலில் உங்கள் இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் உங்கள் பழைய மாவட்டத்தின் பெயரான ‘வடஆற்காடு’ என்றே இருக்கிறது. சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், தாசில்தார் அல்ல. பழங்குடியினர் அதிகமுள்ள ஊர்களுக்கென்று 2024 அக்டோபர் 2-ல் தொடங்கிய ‘தர்தி ஆபா’ திட்டம் உங்களுக்குப் பொருந்தக்கூடியது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சியில் கேளுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு கிலோமீட்டர். ‘காடு, அதனால் ரோடு போட முடியாது’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு, சாலை, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர் உட்பட 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. நிபந்தனைகள்: ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்குமேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலச் சாலை 2 கிலோமீட்டருக்கு 8,000 சதுர மீட்டர்தான் ஆகும். உங்கள் பாதை உள்ளேயே அடங்குகிறது. 5 மீட்டர் அகலம் என்று எழுதிவிட்டால் வரம்பில் போய் முட்டும், 6 என்றால் கைவிட்டுப் போகும். ஆகவே அகலத்தைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். வெட்ட வேண்டிய மரங்களை நீங்களே ஒருமுறை எண்ணி அந்த எண்ணிக்கையையும் சேருங்கள்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. தீர்மான எண்ணும் தேதியும் போட்ட நகலைக் கையோடு வாங்கி, ஒன்றை மாவட்ட வன அலுவலருக்கும், ஒன்றைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அண்ணியின் இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் அந்த வாரத்தை ஒட்டித்தான் வருகிறது. இரண்டையும் ஒரே இறக்கத்தில் முடித்துக்கொண்டு, மேலே ஏறும்போது அடுத்த மாதத்துக்கான மாத்திரையையும் வாங்கிப் போங்கள்.